முதலில் ஏறி கடைசியில் இறங்குகிறவள்

மார்ச் 10, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் பரிசு கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிற அப்பன் நாமக்கல் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "ரேணுஸ்ரீ பத்திப் பேசணும், ரெண்டு மணிக்கு வாங்க" என்றார் கோஆர்டினேட்டர் வசுந்தரா மேடம். அதே பள்ளியில் நாலாம் நம்பர் வேன் ஓட்டுகிறவன் நான். வேன் நிற்கிற இடத்திலிருந்து மேடம் அறைக்கு அறுபது அடி. அந்த அறுபது அடியை நேராக நடக்காமல், ரோட்டுக்குப் போய் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தேன். போன மாதம் மகள் ஓவியப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஜெயித்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாட்ச்மேனுக்கு ஒன்று, ஆபீசில் இரண்டு பேருக்கு, மேடத்துக்கு ஒன்று. மேடமும் பாதி தின்றுவிட்டார். அதற்கப்புறம்தான் பைலைத் திறந்தார்.

"மிஸ்டர் மாதேஸ்வரன், ரேணுவோட பிஹேவியர் சரியில்ல."

பாகு ஒட்டிய விரலால் தாளைத் திருப்ப முடியாமல் தவித்தார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதில் கிரீஸ் இருந்தது.

குற்றம் இதுதான். இரண்டாம் பீரியடில் எப்போதும் எரிச்சல். கேள்வி கேட்டால் எதிர்ப்பேச்சு. டெஸ்கில் தலை சாய்ப்பு. மூன்று மாதமாக விளையாட்டுப் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறாராம். போன வாரம் இவள் எழுந்து தானாக மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே பாதி வகுப்பு.

ரேணு எல்.கே.ஜி.யில் அரசு இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அது எட்டாவதோடு முடிகிறது. இப்போது எட்டாவது. ஒன்பதாவதில் அவளை வைத்துக்கொள்வதா என்று பள்ளி யோசிக்கிறதாம். "முப்பது நாள் வீட்ல அவ எப்படி இருக்கான்னு இதுல எழுதிட்டு வாங்க" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். கட்டம் போட்ட நோட்டு: உணவு, தூக்கம், நடத்தை, பெற்றோர் கையொப்பம்.

நான் பத்தாவது. அதுவும் இரண்டாம் படையெடுப்பில் பாஸ். நேராக அந்த நோட்டில் எழுதினால் அடித்தல் திருத்தலில் என் நடத்தையும் சரியில்லை என்பார்கள். அதனால் பழைய ட்ரிப் ஷீட் நோட்டில் முதலில் இப்படி எழுதிப் பார்த்து, பிறகு அதில் காப்பி பண்ணுவதாக ஏற்பாடு. காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவில், புங்கமரத்தடியில், வேனுக்குள் உட்கார்ந்து.

மார்ச் 11, செவ்வாய்

பழக்க தோஷம். 'தூக்கம்' என்கிற இடத்தில் கிலோமீட்டர் எழுதிவிட்டேன், நல்லவேளை ட்ரிப் ஷீட் நோட்டில்.

ரேணு எழுந்தது 4.50. முட்டைப் பண்ணை வண்டி 5.30க்கு வந்து என் மனைவி லோகநாயகியை ஏற்றிப் போய்விடும். ஆகவே சாதம் வடிப்பது, மூன்று டப்பா கட்டுவது ரேணு. வேனை எடுப்பது 6.20. முதலில் ஏறுவது அவள்தான், வேன் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதே. டிரைவர் மகள் என்றால் சும்மாவா.

உணவு: நல்லது. தூக்கம்: நல்லது. நடத்தை: நல்லது.

"என்னப்பா எழுதற?"

"உன்னைப் பத்தித்தான்."

"நல்லா எழுது. கையெழுத்தையாவது."

மார்ச் 13, வியாழன்

சாயங்காலம் சாப்பிடும்போது குழம்பில் உப்பில்லை என்றேன். குழம்பு வைத்தவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பள்ளி நோட்டில்: தட்டைத் தள்ளினாள். கட்டம் சின்னது, இவ்வளவுதான் பிடிக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்றாள். நாளைக்குச் சனிக்கிழமை, லீவு. ரொம்ப நேரம் சிரித்தோம். கட்டத்தில் முதல் வரிக்குத்தான் இடம் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

இன்று புது எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அட்மிஷன் பாரம் கொடுத்தார்கள். கேட் முழுக்க அழுகை. அழுகையில் மட்டும் ஏற்றத்தாழ்வு கிடையாது. லாரி ஓனர் வீட்டுப் பிள்ளைக்கும் மூக்கு அதே மாதிரிதான் ஒழுகும்.

பத்து வருடம் ஒரே ரூட். உள்கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து எனக்கே ஒரு படிப்பு வந்துவிட்டது. ரேணு சேர்ந்த வருடம் இலவசச் சீட்டில் ஆறு பேர் என் வேனில் ஏறினார்கள். ஆறும் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். வேன் ஆயா சரசக்கா, "உங்க பக்கத்துப் புள்ளைங்க எவ்வளவு அடக்கம்" என்பாள். கடிக்கிறது, உதைக்கிறது எல்லாம் பல் டாக்டர் மகள் மிருதுளா. ரேணுவின் கையில் அவள் கடித்த அச்சு ஒரு வாரம் இருந்தது. டாக்டர் வீட்டுப் பல், வரிசை பிசகாமல் விழுந்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் உயிர்த் தோழிகள்.

இரண்டாவது போகும்போது பற்களில் வித்தியாசம் தெரிந்தது. சிலதில் வெள்ளி அடைப்பு, சிலதில் கறுப்பு ஓட்டை. நாலாவதில் இருமலில் தெரிந்தது. மார்கழி இருமல் சிலருக்கு ஒரு வாரம், சிலருக்குத் தைப்பூசம் தாண்டியும். ஆறாவதில் இங்கிலீஷில். ஆனால் எல்லாமே கீழே போகவில்லை. பிறக்கும்போது ரேணு இரண்டு கிலோகூட இல்லை. இன்றைக்கு வகுப்பிலேயே உயரம் அவள்தான். உடம்பு எப்படியோ ஓடிவந்து எட்டிப் பிடித்துவிட்டது, மார்க் மட்டும் வருடத்துக்கு வருடம் பின்சீட்டுக்குப் போகிறது. அடக்கம் என்கிற பெயரும் வழியில் எந்த ஸ்டாப்பிலோ கைமாறிவிட்டது.

ஆறில் ஐந்து பேர் ஒவ்வொரு வருடமாக இறங்கிவிட்டார்கள். ரேணு மட்டும் பாக்கி.

இதில் எதற்கும் கட்டம் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

மேடம் நோட்டைப் பார்க்கக் கேட்டார். பெருமையாகத்தான் கொடுத்தேன், ஒரு அடித்தல் இல்லை.

"'தட்டைத் தள்ளினாள்.' 'பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள்.' நீங்களே எழுதியிருக்கீங்க, மிஸ்டர் மாதேஸ்வரன். நாங்க சொல்லல."

"மேடம், அது சனிக்கிழமைங்க."

"எந்தக் கிழமையா இருந்தா என்ன. ஆட்டிட்யூட்."

கடைசிப் பக்கத்தையும் அவரே திருப்பிக் காட்டினார். அச்சடித்திருந்தது. 'என் குழந்தையின் நடத்தையையும் கற்றல் நிலையையும் கருத்தில் கொண்டு, பொருத்தமான வேறு பள்ளியில் சேர்க்க விரும்பி, மாற்றுச் சான்றிதழை நானாகப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே கோடு. ஏப்ரல் 10 அன்று தாளாளர் முன்னால் கையெழுத்து.

ஆக முதல் நாளே முடிவு பண்ணிவிட்டார்கள். முப்பது நாளும் என் மகளுக்கு நானே குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் நல்ல கையெழுத்தில். அடுத்த வருடம் தாண்டினால் பத்தாவது பொதுத்தேர்வு. கேட்டில் நூறு சதவீதம் என்று பேனர் கட்ட வேண்டும். பேனரில் இடம் இல்லாத பிள்ளைகளை இப்போதே இறக்கிவிடுவது வழக்கம். இலவசச் சீட்டின் அந்த ஐந்து பேரையும் நான்தானே கடைசி ட்ரிப்பில் வீட்டில் விட்டேன். அன்றைக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை? பிரேக் ஷூ மாற்றுகிற வேலை இருந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

ரிப்போர்ட் கவர்களை ரூட்டில் கொடுக்கிற வேலை எங்களுடையது. கவரைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். மிருதுளா வேனிலேயே பிரித்து, என் சீட்டுக்குப் பின்னாலிருந்து நீட்டினாள்.

"அங்கிள், இதைப் பாருங்க. கிரவுண்டுக்குப் போலாம்னு சொன்னதே நான்தான். அவ எந்திரிச்சா, அவ்வளவுதான். எனக்கு என்ன போட்டிருக்காங்க பாருங்க."

அவள் கவரில்: தலைமைப் பண்பு மிளிர்கிறது.

ரேணு கவரில்: கீழ்ப்படிதல் இல்லை, பிறரைத் தூண்டுகிறார்.

ரேணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிருதுளா, "நான் போய் மேடம்கிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம் கண்ணு. உனக்கும் பேரை மாத்திருவாங்க" என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

லோகா பண்ணையிலிருந்து வந்ததும் சொன்னேன். கோழி இறகு ஒட்டிய தலையை உதறிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்க யாரும் உருப்படலீங்களா? கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வாங்க. உங்க வேலைக்கும் சேத்து உலை வெச்சறாதீங்க."

"கவர்மென்ட் ஸ்கூல் கேவலம்னு நான் சொன்னனா? போறதுன்னா அவளா நடந்து போகட்டும். கழுத்தப் புடிச்சுத் தள்ளி, அதுக்கு என்னையே ரசீது போடச் சொன்னா?"

"அவளக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மகளைப் பற்றிப் பதினைந்து நாளாக எழுதுகிறேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூப்பிட்டோம். ரேணு வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"நான் போகல. ஒம்பதாவதுலதான் பயாலஜி லேப்ல உள்ள விடுவாங்க. எல்.கே.ஜி.ல இருந்து ஜன்னல் வழியாவே அந்த எலும்புக்கூட்டப் பாத்துட்டிருக்கேன். ஒரு தடவையாவது அது கையத் தொட்டுட்டுத்தான் வெளிய வருவேன்."

"அது பிளாஸ்டிக் அம்மிணி."

"தெரியும்ப்பா. இருக்கட்டும்."

லோகா அவளிடமிருந்து பாதி வெங்காயத்தை வாங்கி உரித்தாள். பிறகு, "என்னுங்க பாத்துட்டிருக்கறீங்க, போயி எழுதுங்க" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

இன்றிலிருந்து பள்ளி நோட்டில் வேன் முழுவதையும் எழுதுகிறேன். யாருக்கும் பெயர் போடவில்லை. கட்டம் போதாவிட்டால் பக்கத்துக் கட்டத்துக்குள் ஏறிக்கொள்கிறேன், எல்லா வண்டிக்காரனும் செய்கிறதுதான்.

வேலையைச் சுலபமாக்க, பத்து வருடமாக ரிப்போர்ட் கவர்களில் பார்த்த வார்த்தைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன் (சட்டத்தை நானும் அவ்வப்போது மீறியிருக்கிறேன்). துறுதுறுப்பு, அடங்காமை, தன்னம்பிக்கை, திமிர், சிந்தனையில் ஆழ்கிறார், கவனம் இல்லை. அப்புறம் அவற்றை இடம் மாற்றி மாட்டினேன்.

'பையன், ஆறாவது. அப்பா ஸ்கேன் சென்டர். ஆயாவை வாடி போடி என்றான். நடத்தை: அடங்காமை.'

'பெண், மூன்றாவது. அம்மா மில் வேலை. சீட்டில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கதை சொன்னாள். நடத்தை: தலைமைப் பண்பு மிளிர்கிறது.'

கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு போல்ட்கூட மிச்சம் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

காலையில் வேன் செல்ஃப் எடுக்கவில்லை, ஸ்டார்ட் ஆகவே மறுத்தது. ஒர்க் ஷாப்காரர் வந்து கட்டி இழுத்துப் போக, ஸ்பேர் வேன் வேறு வழியாக ரூட்டுக்குப் போய்விட்டது. ரேணு வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டாள்.

மத்தியானம் அவளைப் பள்ளியில் பார்த்தேன். முகம் கழுவிய மாதிரி இருந்தது. கழுவினாயா என்று கேட்டேன்.

"இல்லப்பா. தூங்கினேன். வேன் போனதும் ஏழே கால் வரைக்கும் தூங்கி, எந்திரிச்சு, நாலு இட்லி சாப்ட்டு, எட்டு அஞ்சு டவுன் பஸ் புடிச்சேன். இருபது நிமிஷம்தான். லேடீஸுக்கு ஃப்ரீ வேற. ரெண்டாம் பீரியட்ல கணக்கு சார் போர்டுல தப்பாப் போட்டாரு. சொன்னேன். தேங்க்ஸ்னு சொன்னாருப்பா."

எட்டு ஐந்துக்கு அப்படி ஒரு பஸ் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வேன் வந்துவிட்டது. புங்கமரத்தடி. மனக்கணக்கு.

வீட்டிலிருந்து பள்ளி ஆறே கிலோமீட்டர். என் ரூட் முப்பத்து நாலு கிலோமீட்டர் சுற்றி வருகிறது. முதலில் ஏறுகிறவள் அவள், கடைசியில் இறங்குகிறவள் அவள். காலையில் ஒன்றரை மணிக்கு மேல், சாயங்காலம் ஒன்றரை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மிருதுளா ஏறுவது கடைசி ஸ்டாப்பில், தலை துவட்டி, பால் குடித்து, பரதநாட்டியத்துக்கும் டியூஷனுக்கும் போக நேரம் மிச்சம் இருக்கிற பிள்ளை. வருடம் இருநூறு நாள், பத்து வருடம். ஆறாயிரம் மணி நேரம். பகலும் இரவுமாகச் சேர்த்தால் இருநூற்றைம்பது நாள் என் மகள் என் வேனுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறாள்.

இன்னொன்று. 6.20க்கு ஏறும்போது அவளுக்குப் பசிக்காது. ஏழரைக்குப் பசிக்கும். வேனில் சாப்பிட முடியாது, உள்ளே எழுதிப் போட்டிருக்கிறது: 'வாகனத்தினுள் உண்ணக் கூடாது.' எழுதியவன் நான். பெயின்ட் வாங்கி வந்து, ஸ்கேல் வைத்து. பள்ளியில் இறங்கியதும் லைன், ஸ்டடி, பிரேயர்; முதல் இடைவேளை 10.40. இரண்டாம் பீரியட் 9.50.

இரண்டாம் பீரியடில் எப்போதும் எரிச்சல்.

ஏப்ரல் 4, வெள்ளி

இனி ரேணு பஸ்ஸில்தான். சாப்பாடு கட்டுவது நான். சாதம் குழைந்துவிட்டது. பொங்கல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தாளாளர் நடுவில், மேடம் பக்கத்தில், மேசைமேல் நோட்டு. இந்தத் தடவை ஜாங்கிரி இல்லை. உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

"உங்க பொண்ணப் பத்தி எழுதச் சொன்னா வேன் முழுக்க எழுதி வெச்சிருக்கீங்க" என்றார் மேடம்.

"நான் டிரைவருங்க மேடம். கண்ணாடில ஒரு புள்ளைய மட்டும் பாத்துட்டு வண்டி ஓட்ட முடியாதுங்க."

தாளாளர் ஒரு பக்கத்தை வாசித்தார். ஸ்கேன் சென்டர் பையன் பக்கம். "இது யாருப்பா? என்ன வார்த்தை இது, அடங்காமை?"

"உங்க வார்த்தைதானுங்க சார். ரிப்போர்ட்ல இருந்து எடுத்தது. ஆளை மட்டும் மாத்திப் போட்டேன். புள்ளைங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. நல்ல பையன், சரசக்காகிட்ட அவனே மன்னிப்புக் கேட்டுட்டான்."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. விட்டால் தைரியம் இறங்கி ஓடிவிடும்.

"ரெண்டு பொண்ணுங்க ஒண்ணா எந்திரிச்சு ஒரே கிரவுண்டுக்குப் போச்சுங்க. ஒண்ணுக்குத் தலைமைப் பண்புன்னு கவர் வந்துச்சு, இன்னொண்ணுக்குத் தூண்டுதல்னு வந்துச்சு. நான்தான் கவர் குடுத்தவன். மாத்திக் குடுத்துட்டனோன்னு ரெண்டு வாரமா எனக்கு ஒரே சந்தேகமுங்க."

தாளாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, கடைசிப் பக்கம்" என்றார் தாளாளர்.

கடைசிப் பக்கத்தில் அச்சடித்ததை நான் ஒரே கோடாக அடித்திருந்தேன். முப்பது நாளில் ஒரே ஒரு அடித்தல். அதன் கீழே எழுதியது இது: 'நடத்தை சரியில்லாதவர்: தகப்பனார். பிள்ளையைத் தினமும் நாலேகால் மணி நேரம் பட்டினியாக வைத்து, மூன்று மணி நேரம் சும்மா சுற்றிக்காட்டியிருக்கிறார். ஏப்ரல் 4 முதல் திருந்திவிட்டார். மாற்றுச் சான்றிதழ் வேண்டாம்.'

"மாதேசு," என்றார் தாளாளர், "நீ இங்க வேலை பாக்கறவன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க சார்."

"வேற டிரைவர் பாத்துக்கட்டுமா?"

"பாத்துக்குங்க சார். கெடைச்சா எனக்கும் ஒரு ஆளு சொல்லுங்க. எங்க பெரியப்பா பையன் ரெண்டு மாசமா லாரிக்கு டிரைவர் தேடறான், பேட்ஜ் போட்ட ஆளு ஒருத்தரும் சிக்கல. உங்களுக்கு மே மாசம் பதினோரு வேனையும் எஃப்.சி. டெஸ்டுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போகணும்."

அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு போதாது.

"அவ இங்கதான் படிப்பா சார். அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா நானா வாங்கிட்டுப் போனேன்னு எழுதமாட்டேன். நீங்க அனுப்பறதா, காரணத்தோட, உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க. கல்வி அலுவலர் ஆபீஸ்ல நான் காட்டிக்கறேன்."

தாளாளர் நோட்டை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளினார். வெளியே யாரோ பெல் அடித்தார்கள்.

"ஒம்பதாவதுக்குப் பீஸ் உண்டு."

"சம்பளத்துல புடிச்சுக்குங்க."

"சி செக்‌ஷன்தான் கெடைக்கும்" என்றார் மேடம்.

"இருக்கட்டுங்க மேடம். லேப் எல்லா செக்‌ஷனுக்கும் ஒண்ணுதானுங்களே?"

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று பேசியதெல்லாம் நானா என்று லோகா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. ஒன்பதாவது 'சி'. வசுந்தரா மேடம் வகுப்பாசிரியரிடம் ரேணுவை 'அப்சர்வேஷனில்' வைக்கச் சொல்லியிருக்கிறாராம். வைக்கட்டும். நானும் அவர்களை வைத்திருக்கிறேன். புது நோட்டு வாங்கியாகிவிட்டது. இந்த வருடம் இலவசச் சீட்டில் என் ரூட்டில் நாலு பிள்ளைகள் ஏறினார்கள். நாலும் பூனைக்குட்டி. நாலு பெயரையும் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை யாராவது வழியில் இறக்கப்பட்டால், பிரேக் ஷூ கழற்றிக் கிடந்தாலும் போய்க் கேட்பேன். 'உண்ணக் கூடாது' போர்டைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். லேசாக இன்னும் தெரிகிறது.

காலை 6.20க்கு வேனை எடுக்கும்போது ரேணு பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். முன்சீட்டில் யாரும் இல்லை.

"நான் இல்லாம போரடிக்குமாப்பா?"

"எதுக்கு? நிம்மதியா எஃப்.எம். கேட்டுட்டுப் போவேன். நீ இருந்தா மாத்தி மாத்தி வெப்ப."

"ஏப்பா, அந்த எட்டு அஞ்சு பஸ் எவ்வளவு நாளா ஓடுது?"

"யாருக்குத் தெரியும். இப்பத்தான் விட்டிருப்பாங்க" என்று கியரைப் போட்டேன்.

அந்த பஸ் ரேணு பிறப்பதற்கு முன்பிருந்து ஓடுகிறது. எனக்குத் தோன்றவே இல்லை என்று ஏப்ரலில் எழுதியது பொய். ரேணு ஆறாவது படிக்கும்போதே லோகா சொன்னாள், பஸ்ஸில் விடலாம் என்று. நான்தான் வேண்டாம் என்றேன். பள்ளிக்கூட வேன் எங்கள் வாசலில் நின்று கதவைத் திறப்பதையும், என் மகள் அதில் ஏறுவதையும் தெரு முழுக்க பார்க்க வேண்டும் எனக்கு. அவளுடைய தூக்கத்தைச் செலவழித்து நான் அந்தத் தெருவுக்குப் பெருமை காட்டிக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.